சத்தம் போடாத பெட்டி

மார்ச் 3, திங்கள்

எரிச்சலான நாள். வேலையில் சேரச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு பெண் காது பரிசோதனைக்கு வந்தாள். வெளிச் சத்தம் அவ்வளவாகக் கேட்காத சவுண்ட் ரூமில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, பட்டனைக் கையில் கொடுத்து, "எவ்ளோ மெல்லிசா கேட்டாலும் அமுத்தணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நான் எந்தச் சத்தமும் அனுப்பாதபோதே அமுத்துகிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அமுத்துகிறாள். கதவைத் திறந்து கேட்டால், "வெளியே ஏதோ கீச்சுன்னு கத்துதே மேடம், அதுக்கும் அமுத்தணுமா?" என்கிறாள். நடையில் இருக்கும் திருட்டு அலாரம் அது. பேட்டரி தீரப்போகும்போது நிமிடத்துக்கு ஒரு தரம் கீச்சிடும். எனக்கு அது காதோடு பழகிப்போயிருக்கிறது.

இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஸ்டூல் போட்டு ஏறி, பேட்டரியைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கடையில் காட்டி அதே மாதிரி வாங்க வேண்டுமே. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, நின்றால் ஆடும். கிளினிக்கைக் கூட்டும் அக்கா இருந்தால் பிடித்துக்கொண்டிருப்பார். அவர் காலையிலேயே கூட்டித் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் டாக்டர் கூப்பிட்டு, ஏப்ரலில் திறக்கும் புதுக் கிளையை என் பொறுப்பில் விடப்போவதாகச் சொன்னார். பதினாறு வருஷம் கழித்து இப்போதாவது தோன்றியதே.

மார்ச் 4, செவ்வாய்

பேட்டரி வாங்க மறந்துவிட்டேன். நாளைக்கு.

மார்ச் 5, புதன்

ராத்திரி கிளினிக்கில் திருடு போய்விட்டது.

ஏழரை மணிக்கு அக்காவிடமிருந்து போன். "பாப்பா, சீக்கிரம் வா. எல்லாம் தலைகீழா கெடக்கு." எனக்கு நாற்பத்திரண்டு வயது, அவருக்கு இன்னும் நான் பாப்பாதான். தலைகூட வாராமல் ஓடினேன்.

பாத்ரூம் ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி, சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் ஒருத்தரும் எதையும் அவ்வளவு ஒழுங்காக வைத்ததில்லை. கம்ப்யூட்டர் இல்லை. பரிசோதனை மெஷின் இல்லை. ரிப்பேருக்கு வந்திருந்த ஏழு காது மெஷின்களைத் தட்டோடு தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? ஒவ்வொன்றும் ஒவ்வொரு காதுக்கு அளவெடுத்துச் செய்தது.

என் டிராயரைக் கொட்டியிருந்தார்கள். நான் ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டையும் தின்றிருந்தார்கள். இரண்டு மட்டும் மீதி. அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றிருக்கிறான்.

அலாரம் பெட்டியைச் சுவரிலிருந்து பிடுங்கி, மிதித்துப் போட்டிருந்தார்கள். சுக்குநூறு.

இதற்கு மேல் இன்று எழுத வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

நேற்று வந்த போலீஸ்காரர் மறுபடி வந்தார். பக்கத்துக் கடை வாட்ச்மேன் ராத்திரி முழுக்க முழித்துத்தான் இருந்தாராம். அலாரம் அடிக்கவே இல்லையாம். போலீஸ்காரர் டாக்டரிடம் சொன்னார்: "அடிக்கிறதுக்கு முன்னாடியே அதை நிறுத்தத் தெரிஞ்சிருக்கு சார். உள்ள பழகின யாரோ விவரம் சொல்லியிருக்காங்க. சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

டாக்டரிடம் ஒன்று. அக்காவிடம் ஒன்று. என்னிடம் கிடையாது. காலையில் அரை மணி நேரம் கூடத் தூங்கலாம் என்று நான்தான் வேண்டாம் என்றவள்.

அக்காவை உட்காரச் சொல்லாமல் நிற்கவைத்தே ஒரு மணி நேரம் கேட்டார்கள். உன் மகன் எங்கே வேலை பார்க்கிறான், மருமகன் எங்கே இருக்கிறான் என்று. நான் பக்கத்து அறையில் நோயாளிகளின் கார்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கியதையே கலைத்துத் திரும்ப அடுக்கினேன்.

மார்ச் 7, வெள்ளி

மூன்றாம் தேதி எழுதியதை எடுத்துப் படித்தேன். என் கையெழுத்துதான். ஏறி, கழற்றி, கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன் — எல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

கைப்பையில் பேட்டரியும் இருக்கிறது. சீப்புக்கும் பஸ் பாஸுக்கும் நடுவில். தூக்கிப் போடவும் கை வரவில்லை.

கிழித்துவிடலாமா? யார் படிக்கப்போகிறார்கள்? ஆனால் கிழித்துவிட்டு நாளைக்கு இதே நோட்டில் நான் என்னத்தை எழுதுவேன்?

சொன்னா என்ன ஆகும்? கிளை போகும். போகட்டும்னு சொல்ல முடியலையே. வேலையே போனாலும் போகும். அக்கா ஒண்ணும் பண்ணலைன்னு போலீஸே கண்டுபிடிச்சிடுவாங்க. கண்டுபிடிப்பாங்கதானே?

மார்ச் 8, சனி

டாக்டர் அக்காவிடம் சாவியை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றாராம். இதை எனக்குச் சொன்னது ரேடியோ. வரவேற்பில் இருப்பவள், நிறுத்தத் தெரியாமல் பேசுவதால் நாங்கள் வைத்த பெயர். "சாவியை மேசைமேல வெச்சாங்க. துடைப்பத்தை மட்டும் எடுத்த எடத்துல கொண்டுபோய் வெச்சுட்டுப் போனாங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளாகவே நிறுத்திக்கொண்டாள். ரேடியோ பேசாமல் இருந்து இன்றுதான் பார்க்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டுக் கதவை இன்று எத்தனை முறை இழுத்துப் பார்த்தேன் என்று தெரியவில்லை. மத்தியானம் ஜன்னல் கொக்கிகளையும். "திருடன் வந்து உடைக்க வேண்டிய பூட்டை நீயே உடைச்சிடுவ போலிருக்கே" என்றார் இவர். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். சுள்ளென்று எரிந்து விழுந்தேன். பாவம் மனுஷன், எழுந்து போய்ப் பால்கனியில் நின்றுகொண்டார்.

தண்ணீர்க் குழாய் சொட்டுவது, மாடியில் யாரோ நாற்காலி இழுப்பது, ஃபிரிட்ஜ் உறுமுவது — எல்லாம் கேட்கிறது. முன்பெல்லாம் கேட்டதே இல்லை.

மார்ச் 10, திங்கள்

பரிசோதனைக்கு இரவல் மெஷின் வந்திருக்கிறது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க நானே சவுண்ட் ரூமுக்குள் உட்கார்ந்துகொண்டேன். ரேடியோவை வெளியே உட்காரவைத்து, எந்தக் குமிழை எப்போது திருக வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தாள். "என்னடி பண்ற? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, நீ எழுதிக் குடுத்ததைத்தான் படிச்சுக்கிட்டிருக்கேன். பதினோரு தடவை அமுத்தியிருக்க."

எனக்குக் கேட்டதே. நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டது. அந்தப் பெட்டிதான் சுவரில் இல்லையே, குப்பைக்குப் போய் நாலு நாளாகிறது.

"தூங்குறியா இல்லையா நீ?" என்று கேட்டாள். மெஷினில் ஏதோ கோளாறு என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்.

மார்ச் 11, செவ்வாய்

காணாமல் போன ஏழில் ஒன்று ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டருடையது. வாங்கிப்போக வந்திருந்தார். திருட்டில் அவருடைய மெஷினும் போய்விட்டதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அப்ப என் காதைத் திருடிட்டாங்கன்னு சொல்லுங்க" என்றார். காத்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அப்புறம் மெல்லப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அதே குரலில் கேட்டார்: "அந்தக் கூட்டுற அம்மாவைத்தான் சந்தேகப்படுறாங்களாமே? வெளிய டீக்கடையில என் காதுல கத்திச் சொன்னாங்க. பாத்தா அப்படித் தெரியலையே. கேஸ் என்ன ஆச்சு?"

அவரைத் தவிர அங்கிருந்த எல்லோருக்கும் நான் என்ன பதில் சொல்கிறேன் என்று கேட்கும். நான் அடுத்தவர் கார்டை எடுத்துப் பெயரைக் கூப்பிட்டேன்.

டீக்கடை வரை போய்விட்டது. நானா இது?

மார்ச் 12, புதன்

இவரிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு, "ஏன் எங்கிட்டகூட இவ்வளவு நாள் சொல்லலை?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 13, வியாழன்

டாக்டர் முதல் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்னால் உள்ளே போனேன். மனதுக்குள் கோர்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. பேட்டரியை மேசைமேல் வைத்தேன். "அலாரத்தை யாரும் நிறுத்தலை சார். நான்தான் இதைக் கழட்டினேன். திங்கட்கிழமையே கழட்டிட்டேன். மாத்தி வைக்க மறந்துட்டேன்."

அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை. "மறந்தது தப்பு, சரி. எல்லாரும்தான் மறக்கிறோம்," என்றார். "எட்டு நாள் அந்தம்மாவைப் பார்த்துக்கிட்டு எப்படிம்மா சும்மா இருந்தீங்க?"

போலீஸுக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். வேலை போகவில்லை. புதுக் கிளைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். பாத்ரூமில் போய்க் கொஞ்சம் அழுதேன். கிளைக்காகவும் அழுதேன், பொய் சொல்வானேன். பதினாறு வருஷம் காத்திருந்தது.

மார்ச் 14, வெள்ளி

டாக்டர் மூன்று முறை கூப்பிட்டும் அக்கா போனை எடுக்கவில்லை. நானே அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, ஒற்றை அறை. கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். "வாங்க மேடம்" என்றார்.

மேடம்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டையை மடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "தெரியும்."

செவ்வாய்க்கிழமை காலையில் தூசி தட்டும்போது அந்தப் பெட்டியின் மூடி தொங்கிக்கொண்டிருந்ததாம். உள்ளே காலியாக இருந்ததாம். மூடியைச் சாத்தியதே அவர்தானாம். "ஸ்டூலும் அங்கயே கெடந்துச்சு. அதுல ஏறுறது நீங்க ஒருத்தருதான்."

"போலீஸ்கிட்ட ஏன்க்கா சொல்லலை?"

"சொன்னா? மாட்டிக்கிட்டவ அடுத்தவங்க மேல பழி போடுறான்னுதான் சொல்லுவாங்க. என் பேச்சு அங்க எடுபடுமா?" அடுத்த துணியை எடுத்தார். "நீங்க சொல்லுவீங்கன்னு அன்னைக்கு நெனச்சேன். மறுநாளும் நெனச்சேன். சாவியைக் கேட்டு வாங்குன அன்னைக்கு நெனக்கிறதை விட்டுட்டேன்."

மன்னிப்பு கேட்டேன். "சரி" என்றார். அது மன்னித்த சரி இல்லை. பஸ் போய்விட்டது என்றால் சொல்வோமே, அந்தச் சரி.

மார்ச் 17, திங்கள்

அக்கா வந்துவிட்டார். டாக்டர் எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்து சாவியை நீட்டினார். வாங்கவில்லை. "சாவி வேண்டாம் சார். இருந்தா பதில் சொல்லணும். அவங்க வந்து திறக்கட்டும், நான் வந்து கூட்டுறேன்."

சாவி என்னிடம் வந்தது.

மார்ச் 18, செவ்வாய்

ஏழு மணிக்குப் போய்த் திறந்தேன். அக்கா படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே இருட்டு. எனக்கு முதல் அடி வைக்கக் கால் வரவில்லை. பதினாறு வருஷமாக இந்த இருட்டுக்குள் முதலில் போனது அவர்தான் என்பது இன்றுதான் உறைத்தது. நான் போகும்வரை அவர் பின்னாலேயே நின்றார்.

ஏப்ரல் 21, திங்கள்

புதுக் கிளை திறப்பு விழா. போனேன். சிரித்தேன். சீக்கிரம் வந்துவிட்டேன். கண்டக்டர் ஐயாவுக்குப் புது மெஷின் மாட்டியாயிற்று. இப்போதும் கத்தித்தான் பேசுகிறார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இதை எடுத்து எழுதி எத்தனை மாதம் ஆகிறது. திருடன் இன்னும் அகப்படவில்லை. யாரும் இப்போது கேட்பதுமில்லை.

இன்று காலை கிளினிக்கைத் திறந்து கோட்டை மாட்டும்போது ஒரு கீச். திக்கென்றது. எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்று அசையாமல் நின்றேன். மறுபடி கீச். நடையிலிருந்து அக்காவின் குரல்: "புதுப் பெட்டி கத்துது. வர்றீங்களா?"

அப்பாடா, அவருக்கும் கேட்கிறது.

டிராயரில் மார்ச்சிலிருந்து நான்கு புதுப் பேட்டரிகள் வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். நான் போவதற்குள் ஸ்டூலைப் போட்டு வைத்திருந்தார். ஏறினேன். ஆடவில்லை. கீழே பார்த்தால், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு கையாலும் அந்தக் குட்டைக் காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தார்.

பழசைக் கழற்றிப் புதுசைப் போட்டு மூடினேன். மூடி சரியாக விழுந்ததா என்று இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். "மூடியாச்சா மேடம்?" என்றார் கீழேயிருந்து.

"ஆச்சுக்கா."

"அப்ப எறங்குங்க. மெதுவா."

நான் இரண்டு காலையும் தரையில் வைத்த பிறகுதான் ஸ்டூலை விட்டார்.