கஞ்சி மாவில் கலந்தது

அன்புள்ள பெரியவளுக்கு,

நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். உன் தம்பி வாலு இப்போதுதான் தூங்கினான், அப்பாவுக்கு இந்த வாரம் இரவு வேலை. இங்கே மூவரும் நலம். நீ நலமா என்று கேட்க மட்டும் கை வரவில்லை.

நேற்று உன் தம்பியைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். பால்சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்கவைத்து, அரைமணிக்கு ஒருமுறை குழாயில் ஊதச் சொன்னார்கள். "ஊதினா பலூன் தருவீங்களா?" என்று நர்ஸைச் சிரிக்க வைத்தவன், நாலாவது ஊதலுக்குள் வயிறு உப்பிச் சுருண்டுவிட்டான். பால்சர்க்கரை இரண்டு சின்னச் சர்க்கரைகள் ஒட்டியது, சிறுகுடலில் லாக்டேஸ் என்ற நொதி அதைப் பிரித்தால்தான் ரத்தத்தில் சேரும், பலருக்கு வளர வளர அந்த நொதி குறைந்துவிடும், பிரியாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனால் அங்கிருக்கும் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும், அதில் கொஞ்சம் மூச்சில் வரும், அதைத்தான் அளந்தோம் என்றார் டாக்டர். ஆபத்தில்லையாம். இதையே கல்லூரிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "வீட்ல வேற யாருக்காவது பால் ஒத்துக்காதா?" என்று கேட்டார். "பெரியவளுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்" என்றேன்.

அவ்வளவுதான் இல்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து பால் குடித்தால் வலிக்கிறது என்றாய், பள்ளிக்கூடத்துக்கு மட்டம்போடும் நடிப்பு என்றேன். விடுதிக்குப் போனதும் பாலை விட்டுவிட்டாய், எலும்பு என்னாகுமோ என்று பயந்து மாதாமாதம் அனுப்பும் கஞ்சி மாவில் நாலில் ஒரு பங்கு பால்பவுடர் கலந்தேன். உனக்குச் சொல்லவில்லை. "தெரிஞ்சா கத்துவாடி" என்றார் அப்பா, தெரிந்தால்தானே என்றேன். நீயோ வயிற்றுவலிக்கு விடுதித் தண்ணீர்தான் காரணம் என்று நினைத்து, "உன் கஞ்சிதான்மா வயித்தக் காப்பாத்துது" என்று இரண்டு வேளையும் அதையே குடித்திருக்கிறாய். இப்போது வலி நிற்கவில்லையென்று அடுத்த வியாழக்கிழமை உன் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்களாம். இன்று இரண்டு முறை போன் செய்தேன், இரண்டு முறையும் பரீட்சைத் தேதியைக் கேட்டுவிட்டு வைத்தேன்.

உனக்கும் இதுதான் என்று நான் முடிவுகட்டவில்லை. நீயாகப் பரிசோதனையை ரத்து செய்யாதே. அதற்கு முன் உன்னைப் பார்க்கும் டாக்டரிடம் மாவில் என்ன இருந்தது, எத்தனை மாதம் குடித்தாய், தம்பிக்கு என்ன வந்தது, மூன்றையும் சொல், அவர் முடிவெடுக்கட்டும். டப்பாவில் மிச்சமிருப்பதைக் கொட்டிவிடு. என்மேல் கோபப்படு, பட்டினி மட்டும் கிடக்காதே. உடம்பு தேறி, வயிறாரச் சாப்பிட்டு நன்றாக இரு கண்ணு.

படித்ததும் ஒரு வரியாவது உடனே பதில் எழுது.

அம்மா