கடலில் இறங்காதவர்

கரோல் பாக்,
புது தில்லி.
9.1.1983

அன்புத் தோழி அம்சவேணிக்கு,

உன் கார்டு கிடைத்தது. ஆறு மாதம் பேச்சு மூச்சு இல்லாமல் இருந்துவிட்டு, நாலே வரியில் 'எல்.டி.சி. லீவுச் சலுகையில் அந்தமான் போகிறோம், உன் வீட்டுக்காரரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா' என்று கேட்கிறாய். உன்னை என்ன செய்தால் தகும்? திருச்சியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த தோஷத்துக்காக விட்டுவிடுகிறேன்.

இங்கே குளிர் எலும்பைக் கடிக்கிறது. ரஜாய்ப் போர்வைக்குள் முடங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். மந்திர் மார்க் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பதாகப் பேர். அதுகள் "டீச்சர், பானி குடிச்சிட்டு ஜல்தி வந்துடறேன்" என்கின்றன. நானும் "அச்சா, போ" என்று சொல்லிவிட்டு அப்புறம் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அவர் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. போதும் என்று தோன்றிவிட்டதடி. வேலையை விட்டுவிட்டு அங்கேயே போய் இருக்கப் போகிறேன். இந்த வேலை நிரந்தரமாவதற்கு நான் எப்படி நாயாய் அலைந்தேன் என்று உனக்குத் தெரியும். விட்டால் திரும்பக் கிடைக்காது. ஆனால் எங்கள் குழந்தை வயிற்றிலேயே போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்ததே குறைவு. எனக்கும் முப்பத்து மூன்று முடிகிறது. பிப்ரவரி கடைசிக்குள் ராஜினாமாவைக் கொடுத்தால் மார்ச்சோடு என்னை விட்டுவிடுவார்கள்.

இவர் என்னடாவென்றால் 'அவசரப்படாதே, வீடு வசதியில்லை, தண்ணீர் கஷ்டம்' என்றே எழுதிக்கொண்டிருக்கிறார். ஆம்பளைகளுக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும்? நீ உன் கண்ணால் அந்த வீட்டைப் பார். அடுப்படி எப்படி, குழாயில் தண்ணீர் வருகிறதா, அக்கம்பக்கத்தில் நம் ஜனங்கள் இருக்கிறார்களா, எல்லாம் பார். 'பரவாயில்லை, கிளம்பி வாடி' என்று நீ ஒரு வரி எழுதினால் மறுநாளே ராஜினாமாவைக் கொடுத்துவிடுவேன்.

உன்னவர் செல்வராஜ் அண்ணனுக்கு என் வணக்கம். கப்பலில் வாந்தி வந்தால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்.

உன் பிரியமுள்ள,
இந்திராணி


சைதாப்பேட்டை,
சென்னை.
4.2.1983

என் தங்கமே இந்து,

அடி கள்ளி! அமுக்கமான கள்ளி! ஏன் திட்டுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் என் பிரதாபத்தைக் கேள்.

வீட்டை மட்டும் பார்க்கவில்லையடி. கோபித்துக்கொள்ளாதே. கப்பலை விட்டு இறங்கியதுமே கேட்டேன். "வெள்ளையடிக்கிறாங்கம்மா, சாமானெல்லாம் வெளியில கெடக்கு. உங்கள அங்க எப்படிக் கூட்டிப் போறது?" என்றுவிட்டார் உன் வீட்டுக்காரர். எங்களுக்கு கெஸ்ட் ஹவுஸில் அறை போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் கடலிலேயே கழிக்க ஏற்பாடு. அவருக்குத் தெரிந்த நேவிக்காரர் ஒருவருடைய பாய்மரப் படகாம். புளிசாதம், வாழைக்காய் வறுவல் எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வறுவல் பதமாக இருந்தது. எப்போது சமைக்கக் கற்றுக்கொண்டார்?

எஞ்சின் சத்தமே கிடையாது. பாயில் காற்று அடைத்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது பார், நான் போட்ட கூச்சலில் செல்வராஜ் "மானத்த வாங்காதடி" என்று என் வாயைப் பொத்தினார். ஒரு மணி நேரம் போய் ஆளே இல்லாத ஒரு குட்டித் தீவில் கட்டினார்கள். அங்கே கண்ணுக்கும் மூக்குக்கும் சேர்த்து ஒரு கண்ணாடியை மாட்டி, மூச்சு விட வாயில் ஒரு குழாயைக் கடித்துக்கொள்ளச் சொன்னார்கள். நீ தில்லியிலிருந்து அனுப்பினாயே சல்வார் கமீஸ், அதைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். நானாடி! சைதாப்பேட்டைக் குளத்துப் படியைக் கண்டாலே பயப்படுகிற நான்!

தண்ணீருக்குள் முகத்தை வைத்தேன். ஐயோ இந்து! அடியில் ஒரு ஊரே இருக்கிறதடி. மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்று கிளை கிளையாகப் பவளம். அதற்குள்ளே மீன்கள் கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி போவதும் வருவதுமாக இருக்கின்றன. பாறை என்று நான் நினைத்தது மெல்ல வாயை மூடிக்கொண்டது, அது சிப்பியாம்! என் தலையணை பெரிசு! இத்தனை நாள் இதெல்லாம் இருக்கிறது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே என்று அந்தக் கண்ணாடிக்குள்ளேயே அழுதுவிட்டேன். அப்புறம் கயாக் என்று ஒல்லியாக ஒரு துடுப்புப் படகு. செல்வராஜ் "இதென்ன பெரிய வித்தை" என்று ஏறினார். ஏறின வேகத்தில் மறு பக்கம் விழுந்தார். நான் மட்டும் அதில் தீவைப் பாதி சுற்றி வந்தேன், தெரிந்துகொள்.

இனி உன் கதை. உன் வீட்டுக்காரர் மட்டும் நாள் பூரா தண்ணீரைத் தொடவில்லை. ஆடி வெள்ளத்தில் காவிரியின் அக்கரைக்கு நீந்தின மனிதர்! படகிலிருந்து கரைக்கு முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டும். அதற்குக்கூட படகுக்காரர் தோளில் ஏறிக்கொண்டுதான் போனார்! தாடி என்றால் தாடி, அப்படி ஒரு தாடி. முடி காதை மூடிக்கொண்டிருக்கிறது. எனக்கா தெரியாது? பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் கடலில் இறங்கக் கூடாது, முடி எடுக்கக் கூடாது. எங்கள் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது செல்வராஜும் சாமியார் மாதிரிதானே திரிந்தார்!

தீபாவளிக்கு வந்திருந்தாரா? எத்தனை மாசம்டி? என்னிடம்கூட மறைக்கத் தோன்றியதா உனக்கு? கண் பட்டுவிடும் என்று பயமா? இந்தத் தடவை எல்லாம் நல்லபடியாக நடக்கும், பார். ராஜினாமா கிஜினாமா எல்லாம் வேண்டாம், பிரசவ லீவு போடு. வளைகாப்புக்கு நான் வராவிட்டால் என் பேர் அம்சவேணி இல்லை.

ஆயிரம் முத்தங்களுடன்,
அம்சா


கரோல் பாக்,
புது தில்லி.
11.2.1983

அம்சா,

நான் முழுகாமல் இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை.

தீபாவளிக்கு அவர் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தார். போன ஏப்ரலில் வந்து போனதுதான். அப்புறம் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில், டீச்சர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அறையில் வைத்துப் படித்தேன். சிப்பி வாயை மூடிக்கொண்டது என்று நீ எழுதியதைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சத்தமாகப் படித்துக்கூடக் காட்டினேன். அடுத்த பக்கத்தையும் சத்தமாகவே படிக்க ஆரம்பித்து, 'பிள்ளைத்தாய்ச்சி' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். "என்ன இந்திராணி, என்ன?" என்கிறார்கள். அடுத்த வகுப்புக்கு எப்படிப் போனேன், என்ன நடத்தினேன் என்றே தெரியவில்லை.

காது வலி ஏதாவது இருந்ததா அவருக்கு? ஜுரமா? இல்லை, நீ விளையாட்டுக்குக் கூட்டி எழுதினாயா? அப்படியென்றால் சொல்லிவிடு, கோபித்துக்கொள்ள மாட்டேன், சத்தியமாக. வீட்டில் வெள்ளையடிப்பதாகச் சொன்னது நிஜமா? யார் சமைத்தது அந்தப் புளிசாதத்தை? அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாதே அம்சா!

அவர் வாயிலிருந்து என்ன வந்ததோ அதை அப்படியே எழுது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் மறைக்காதே. ராஜினாமாக் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இந்திராணி


சைதாப்பேட்டை,
சென்னை.
18.2.1983

என் கண்ணே இந்து,

என் வாயில் கொள்ளியை வைக்க. பாழாய்ப்போன இந்தக் கையால் என்ன காரியம் செய்துவிட்டேன்! உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்வராஜிடம் காட்டினேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "காது வலின்னு எழுதிப் போட்டுடு" என்றார். எழுதினேன். எழுதிக் கிழித்துப் போட்டேன். உன்னிடம் என்னால் பொய் சொல்ல முடியாதடி.

நடந்தது இதுதான். செல்வராஜ் தண்ணீரில் நின்றுகொண்டு விளையாட்டாக அவர் கையைப் பிடித்து இழுத்தார். உடனே அவர் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு, "விடுப்பா செல்வம்! எறங்கக் கூடாது எனக்கு!" என்று கத்தினார். விளையாட்டுக் கத்தல் இல்லை, நிஜமாகவே பயந்து கத்தினார். "என்னப்பா, விசேஷமா?" என்று இவர் கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். புது மாப்பிள்ளை மாதிரி சிரித்தார் இந்து. அதைப் பார்த்துத்தான் நீ என்று நினைத்துவிட்டேன். வேறு யாரை நினைப்பேன், நீயே சொல்?

வீட்டுப் பக்கம் எங்களைக் கூட்டிப் போகவே இல்லை. யார் சமைத்தார்கள் என்று கேட்டதற்கு, 'ஆபீசில் ஒருத்தர் வீட்டிலிருந்து' என்றார். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உன் காலில் விழுந்து கேட்கிறேன், அந்த ராஜினாமாவை மட்டும் இப்போது கொடுக்காதே. அவரை நேரில் வரவழை, உன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சென்னைக்கு ஒரு வரி போடு, நான் அடுத்த ரயிலில் வருகிறேன்.

உன்,
அம்சா


கரோல் பாக்,
புது தில்லி.
6.3.1983

அன்புள்ள அம்சா,

நீ ரயில் ஏற வேண்டாம். எல்லாம் முடிந்துவிட்டது.

நீ சொன்னபடியே வரவழைத்தேன். 'ராஜினாமா செய்கிறேன், மார்ச்சில் புறப்படுகிறேன்' என்று தந்தி கொடுத்தேன். தீபாவளிக்கு லீவு கிடைக்காத மனிதர் கல்கத்தா வழியாக பிளேன் பிடித்து வந்து நேற்று வாசலில் நிற்கிறார். தாடியைப் பார்த்ததும் யாரோ என்று நினைத்துவிட்டேன். கீழ் வீட்டுப் பஞ்சாபி அம்மாள் "கௌன் ஹை?" என்று கேட்டாள். என் புருஷன் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ராஜினாமா குடுத்துட்டியா?" இதுதான் அவருடைய முதல் பேச்சு. காப்பி கொடுத்து உட்கார வைத்தேன். "பஜார்ல சலூன் தெறந்திருக்கும். மொதல்ல போயி தாடிய எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன். உள்ளே மட்டும் ஒரு நப்பாசை, சரி என்று எழுந்து போய்விட மாட்டாரா என்று.

அவர் தாடியைக் கையால் பொத்திக்கொண்டார். "இப்ப வேண்டாம்" என்றார்.

"எப்ப எடுப்பீங்க?"

"ஜூன்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. ஜூன் மாதமாம்! பிரசவ மாதம் வரைக்கும் தெரிந்துவிட்டது எனக்கு.

அப்புறம் எல்லாம் சொன்னார். பெயர் தாயம்மாள், அவர் ஆபீசில் டைப் அடிக்கிறாளாம். அவளும் அவள் அம்மாவும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள். நீங்கள் சாப்பிட்டது அவள் கட்டிக் கொடுத்த புளிசாதம். கடலில் இறங்கக் கூடாது, முடி எடுக்கக் கூடாது என்றெல்லாம் யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "அவங்கம்மா சொன்னாங்க" என்றார்.

அதுவரைக்கும் நான் அழவில்லை. உனக்கு இதை நான் சொன்னதில்லை. எனக்கு ஐந்தாம் மாதம் நடக்கும்போது மகாபலிபுரம் போனோம். என் அம்மா கரையில் நின்று "வேண்டாம் மாப்பிள்ளை, எறங்காதீங்க" என்று கெஞ்சினாள். "இந்தக் காலத்துல போயி என்ன அத்தை இதெல்லாம்" என்று சிரித்துக்கொண்டே அலையில் பாய்ந்தார். நானும் அவரோடு சேர்ந்துகொண்டு என் அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். ஏழாம் மாதம் குழந்தை போயிற்று. கடலில் குளித்ததால் போனது என்று நான் நம்பவில்லை. டாக்டரம்மா சொன்ன காரணம் வேறு, இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்கம்மாவும்தானே சொன்னாங்க?" என்றேன்.

"அப்ப நான் நம்பல இந்து. அதுக்கப்புறம் பயந்துட்டேன்" என்றார்.

என் பிள்ளை செத்து அவருக்குப் பயத்தைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. அந்தப் பயம் இன்னொருத்தி பிள்ளைக்கு ஆகிறது.

ராஜினாமாவைக் கொடுக்கவில்லை என்றேன், கொடுக்கவும் மாட்டேன் என்றேன். அங்கே நான் வரப் போவதில்லை, நீங்களும் இனிமேல் இந்த வாசலுக்கு வர வேண்டாம் என்றேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். கிளம்புவார் என்று பார்த்தால் கிளம்பவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். சட்டென்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அந்தக் கொழந்தைக்குச் சாபம் மட்டும் விட்டுடாத இந்து" என்றார்.

அதற்காகத்தான் வந்திருக்கிறார், அம்சா! கடல் தாண்டி, பிளேன் ஏறி, இதற்காக மட்டும்தான் வந்திருக்கிறார்! நான் ராஜினாமா செய்தேனா என்று கேட்டதுகூட என்னைப் பற்றிய கவலை இல்லை, நான் அங்கே போய் நின்று அவளை ஏதாவது சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான்.

அந்தக் குழந்தை என்ன செய்தது? "நல்லபடியா பொறக்கட்டும்" என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். உடனே அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கையை விட்டார், பையைத் தூக்கிக்கொண்டார், படியில் இறங்கிப் போய்விட்டார். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உன்,
இந்திராணி