துண்டில் கட்டிய காளான்

12.9.92 சனி

என் பெயர் முனியன். வயது அறுபத்தைந்து இருக்கும். இதை எழுதியது நானே. போன வருடம் வரை எங்கே கேட்டாலும் கட்டைவிரல்தான். அறிவொளி வகுப்பு எடுக்கும் அமிர்தம் இந்த நோட்டைக் கொடுத்தது. "தாத்தா, தினம் நாலு வரி எழுதுங்க" என்றது. ஆறு வரி ஆகிவிட்டது. விரல் வலிக்கிறது. ஆனாலும் சந்தோஷம்.

16.9.92

இடி. நல்ல மழை.

18.9.92

ஏரிக்கரைப் புற்றில் ஒரு கை காளான் கிடைத்தது. நானே வறுத்துப் பார்த்தேன். வெங்காயம் வதக்கி, காளானைப் போட்டு, வேகட்டும் என்று ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு ராணியம்மாள் சட்டியை எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா மாமா இது, காளானைக் குளிப்பாட்டிக்கினு இருக்கிற? அதுவே தண்ணி வுடும். அது வத்துற வரைக்கும் கிளறு. கடைசியில மிளகு போடு. அவ்ளோதான்."

இந்த வயதில் இதுவும் ஒரு பாடம். எழுதி வைத்துக்கொண்டேன். இனி மறந்தாலும் படித்துக்கொள்ளலாம் இல்லையா!

20.9.92

மணலூர்பேட்டையிலிருந்து மகள் தைலம்மாள் வெள்ளிக்கிழமை வருகிறாள். பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க. அவளுக்காகத்தான் வறுவல் பழகுகிறேன். காரணத்தையும் எழுதிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பேத்தி வயிற்றில் இருந்தபோது தைலம்மாள் இங்கே இருந்தாள். "புள்ளைக்குக் காளான் மேல ஆசை, எங்கனா கிடைச்சா எடுத்துக்கினு வா" என்று என் வீட்டுக்காரி குஞ்சம்மாள் சொன்னாள். மறுநாளே கிடைத்தது. ஒரு துண்டு நிறைய. ஆனால் மழைக்கு முளைக்கும் காளான் எங்கள் ஊரில் பெரிய வீட்டுக்குப் போகும். யாரும் சட்டம் போடவில்லை. அப்பா கொடுத்தார். நானும் அந்த வீட்டுப் பெரியவரிடம் கொடுத்தேன். துண்டை உதறிக்கொண்டு வெறுங்கையோடு வந்தேன். குஞ்சம்மாள் அன்றைக்கு ரசம் வைத்தாள்.

பிள்ளைத்தாச்சிக்கு இல்லாமல் பெரிய வீட்டுக்குக் கொடுத்த கை இது. இதை வைத்துத்தான் எழுதுகிறேன்.

24.9.92

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் ஏரிக்கரையில் அவ்வளவு காளான். துண்டில் கட்டிக்கொண்டு வந்தேன். நாளைக்குத் தைலம்மாள் வந்துவிடுவாள், அவளுக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். பெரிய வீட்டு ஆதிமூலம் வண்டியை நிறுத்தினார். "இன்னா முனியா, காளானா?" இவ்வளவுதான் கேட்டார். கொடு என்றுகூடச் சொல்லவில்லை. என் கை துண்டை அவிழ்த்து, அவர் பையில் கொட்டிவிட்டது.

ஏன் கொட்டினேன்? ஏரிக்கரை அவர் நிலம்கூட இல்லையே. அவரிடம் கூலிக்குப் போவதை விட்டு ஏழு வருடம் ஆகிறது. அப்புறம் இன்னா பயம் உனக்கு? படிச்சு இன்னாடா பிரயோசனம்?

25.9.92

தைலம்மாள் வந்தாள். கத்தரிக்காய் வறுத்துப் போட்டேன். "நீயா ஆக்கின? நல்லா இருக்குப்பா" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், நேற்று நடந்தது வரைக்கும்.

அவள் முழித்தாள். "நான் எங்கப்பா காளான் கேட்டேன்? எனக்கு அப்போ எதைப் பார்த்தாலும் வாந்தி. அம்மாதான் ஆசைப்பட்டுச்சு. தனக்குன்னு கேட்டா நீ கத்துவியாம். அதான் என் பேரைச் சொல்லிச்சு."

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். குஞ்சம்மாள் போய் அஞ்சு வருடம் ஆகிறது.

26.9.92

எழுதவில்லை.

11.10.92 ஞாயிறு

மறுபடியும் மழை, மறுபடியும் காளான். அடுப்பில் இருக்கிறது. தண்ணீர் வற்றும் வரை எழுதுகிறேன்.

வரும்போது அதே இடத்தில் ஆதிமூலம். "காளானா முனியா? வூட்ல குடுத்துட்டுப் போ."

"இது எங்க வூட்டுக்குங்க" என்றேன்.

"அப்படியா, சரி" என்றார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் மட்டும் துண்டைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தேன். குஞ்சம்மாள் ஆசைப்பட்ட அன்றைக்கு அவருடைய அப்பாவும் சரி என்றுதான் சொல்லியிருப்பாரோ? தெரியாது. நான்தான் ஒரு நாளும் சொல்லிப் பார்க்கவில்லை.