சுகதன் பாடாத பதினெட்டுப் பாட்டு

ஆகஸ்ட் 6

ப்ளஸ் ஒன் பி பிரிவில் இன்று 'வேலை, ஆற்றல், திறன்' பாடம் தொடங்கினேன். வருடா வருடம் கேட்கிற அதே கேள்வி. தலையில் ஐம்பது கிலோ மூட்டையுடன் ஓர் ஆள் நாள் முழுக்க அசையாமல் நின்றால் அவர் செய்த வேலை எவ்வளவு? பூஜ்யம். பொருள் நகர்ந்தால்தான் இயற்பியலில் வேலை. கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, "அப்போ அந்தாளுக்குக் கூலி கிடையாதா டீச்சர்?" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இதே வேடிக்கையை வீட்டில் எத்தனை தடவை சுகதனிடம் சொல்லியிருக்கிறேன்! "நாலு மணி நேரம் மைக் முன்னாடி நின்னு பாடினாலும் கணக்குப்படி பூஜ்யம்தான், தெரியுமா?" அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பூஜ்யத்துக்குத்தான் டீச்சர் அத்தனை பேர் கை தட்டுறான்" என்பார்.

இன்று வீட்டுக்கு வந்தபோது வாசலில் உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தைகள் எழுதும் அந்த பிளாஸ்டிக் பலகை. குச்சியால் எழுதி, மேல்தாளைத் தூக்கினால் எழுத்து மறைந்துவிடும். ஜூனில் குரல்வளையை எடுத்த பிறகு அவருக்கு இதுதான் வாய். "இன்னைக்கு என்ன பாடம்?" என்று எழுதிக் காட்டினார்.

வெப்பம் என்று பொய் சொன்னேன்.

ஆகஸ்ட் 9

கழுத்துத் துளையின் ஈரத்துணியை மாற்றினேன். அவர் மூச்சு என் புறங்கையில் பட்டது. இன்னும் பழகவில்லை.

ஆகஸ்ட் 21

தங்கச்சன் வந்திருந்தான். சாகரிகா ஆர்கெஸ்ட்ராவில் இருபத்தாறு வருடம் இவர் பாட, அவன் கீபோர்டு. வரும்போதே சத்தம்.

"டீச்சரே, இப்போதான் இவன் லட்சணமான புருஷன். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான்!"

சுகதன் எழுதினார்: "நீ சுருதி தப்புறதையும் இனி சொல்ல ஆள் இல்லை."

"அது வாஸ்தவம்டா" என்று தங்கச்சன் அவர் தொடையில் அடித்தான். புதிதாக ஒரு பையனைச் சேர்த்திருக்கிறார்களாம். நல்ல குரல்தானாம், ஆனால் சொந்தமாகச் சங்கதி போடுகிறானாம். கானமேளா மேடையில் சினிமாப் பாட்டு ரெக்கார்டில் இருப்பது இருந்தபடி வரவேண்டும். பாடியவர் மூச்சு எடுத்த இடத்தில்தான் இவர்களும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மைதானம் கேலியாகக் கூவும். கல்யாணமான புதிதில் சுகதன் ஒரு பாட்டின் முடிவைக் கொஞ்சம் இழுத்துப் பாடி, ஒரு கோயில் மைதானமே கூவி, அழாத குறையாக வீட்டுக்கு வந்தார். அப்புறம் ஒருநாளும் இழுக்கவில்லை. அடுத்தவர் மூச்சையே ஆயுள் முழுக்க விட்டார்.

இதை ஒரு தொழில் என்று நான் என்றைக்காவது மதித்தேனா? வகுப்பில் ஈயடிச்சான் காப்பி அடிக்கிறவனை வெளியே நிற்க வைக்கிறவள் நான்.

செப்டம்பர் 11. திருவோணம்

இரண்டு பாயசம் வைத்தேன். அடுக்களையில் ஏலக்காயும் வெல்லமும் மணக்கிறது. மூக்கு வழியாக மூச்சு போகாததால் அவருக்கு வாசனை தெரியாது. "என்ன பாயசம்?" என்று எழுதிக் கேட்டார். அதற்கு மேல் என்னால் அடுக்களையில் நிற்க முடியவில்லை.

இனியும் எழுதாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். எழுதிவிடுகிறேன்.

போன தனு மாதம், திருவாதிரைக்கு மறுநாள் காலை. ராத்திரி மேடை முடிந்து வேனிலிருந்து இறங்கி வந்து, பால் விடாத கட்டன் சாயாவோடு என் எதிரில் உட்கார்ந்தார். நான் அரையாண்டுத் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "வனஜே, தொண்டையில என்னமோ உரசுது. பத்து நாளா இருக்கு. காட்டிட்டு வரட்டா?" என்றார்.

தலையை நிமிர்த்தவில்லை நான். சீசனில் எல்லாப் பாடகனுக்கும் தொண்டை கட்டும். மிளகும் கல்கண்டும் வாயில் போட்டுக்கொண்டு மேடை ஏறுவார்கள். உத்சவம் முடிந்தால் தானே சரியாகும். இருபத்தைந்து வருடம் பார்த்ததுதானே. அதனால் சொன்னேன்: "சீசன் முடியட்டும். வருஷத்துல இருக்கிறதே நாலு மாசம் வேலை. அதையும் விட்டுட்டு உட்காரணுமா?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி" என்றார்.

அதற்குப் பிறகு நாற்பத்திரண்டு மேடை. மேடத்தில், விஷுவுக்குப் பிறகு, குரல் மொத்தமாகப் போனது. "நாலு மாசம் முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் இழுத்தபோது நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தோம். அவர் என் பக்கம் திரும்பவில்லை. இன்றுவரை அதைப் பற்றிப் பேச்சே இல்லை. என் மேல் கோபமா? மறந்துவிட்டாரா? இதெல்லாம் மறக்கிற விஷயமா?

அக்டோபர் 14

நீரஜா கொச்சியிலிருந்து வந்தாள். எங்கள் மகள், சிற்பி; ஆனால் அவள் கையில் உளியைப் பார்த்து வருடங்கள் ஆகின்றன. மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகு கிடங்கில் டிசம்பரில் கண்காட்சியாம். அதில் அவள் வைக்கப்போகும் படைப்பு — அவளுடைய அப்பா!

"அச்சன் ஸ்டேஜ்ல இருப்பாரு. கோட்டு, விளக்கு, எல்லாம் கானமேளா மாதிரியே. மைக் மட்டும் கழுத்துத் துளைகிட்ட. வழக்கமா பாடுற பதினெட்டுப் பாட்டையும் மனசுக்குள்ள பாடுவாரு. வெளிய மூச்சு மட்டும் கேக்கும்."

"உனக்கு வெட்கமா இல்லையா? நோயாளியைக் கூண்டுல வச்சுக் காட்டுவியா?"

"காட்டலம்மா. அவர் வேலை செய்யப்போறாரு."

"சும்மா உட்கார்ந்து மூச்சு விடறது வேலையாடி? அப்படின்னா இந்த ஊர்ல எல்லாரும் வேலைதான் செய்யறாங்க."

"அச்சன் பாடினப்பவும் நீ இதையேதான் சொன்னே" என்றாள்.

அதற்குள் அவர் பலகையை எங்கள் இருவருக்கும் நடுவில் நீட்டினார். பெரிய எழுத்தில் ஒரே வார்த்தை: "எப்போ?"

நவம்பர் 2

மேடைக் கோட்டைத் தானே தேய்த்தார். ஜரிகை கருகாமல் இருக்க மேலே ஈரத் துண்டு விரித்து. எடை எட்டு கிலோ குறைந்திருக்கிறது. தோளைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

டிசம்பர் 12

கண்காட்சி தொடங்கியது. நான் போகவில்லை. பள்ளியில் லேப் தேர்வு என்றேன். தேர்வு நாளைதான்.

டிசம்பர் 29

கிறிஸ்துமஸ் விடுமுறை. இனி சாக்கு இல்லை. போனேன்.

கிடங்குக்குள் இன்னும் மிளகு நெடி. பலகை மேடையில் பச்சை விளக்குக்குக் கீழே அவர். சுவரில் பெயர், பொருட்கள், நேரம் என்று அட்டை. படித்தவர்கள் போலத் தெரிந்த நாலைந்து பேர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ஸ்பீக்கரில் மூச்சு. உள்ளே, வெளியே. அவ்வளவுதான். எனக்குக் காது கூசியது. இவரை இப்படி உட்கார வைத்தது நீரஜா இல்லை, நான்தான் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு மணி இருக்கும். நீலச் சட்டையோடு ஒரு சுமை தூக்கும் தொழிலாளி, சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்க்க வந்தவர், வாசலிலேயே நின்றார்.

"ஐயோ, இது நம்ம சேர்த்தலை சுகதனாச்சே!"

நேராக முன்னால் வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், கானமேளாவுக்கு உட்காருவது போலவே. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு தொடையில் தாளம் போட்டார். என்னைப் பார்த்து, "படகுப் பாட்டு போகுது, ரெண்டாவது சரணம். இந்த இடத்துல மூச்சு எடுத்தா இதுதான், வேற எது? இவன் ஒரு நாளும் மாத்தி எடுத்ததில்ல" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பத்து வருஷமா முன் வரிசைல உட்கார்றவன் சேச்சி நானு. சுமை எறக்கிட்டு வந்தா இவன் பாட்டுதான் முதுகு வலிக்கு மருந்து."

அந்தப் பாட்டு முடிந்தபோது அவர் மட்டும் கை தட்டினார். அப்புறம் நானும். சுகதன் நாற்காலியிலிருந்து எழுந்து, மேடையில் செய்வதுபோலக் கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். என் புருஷன் இத்தனை அழகாகக் குனிவார் என்று எனக்குத் தெரியாது. இருபத்தாறு வருடத்தில் எத்தனை கானமேளாவுக்குப் போனேன்? நான்கு.

ஜனவரி 8

ஸ்கேன் வந்தது. நுரையீரல். டாக்டர் மாதக் கணக்கில்கூடச் சொல்லவில்லை.

ஜனவரி 9

இன்றும் கிடங்குக்குப் போனார். தடுத்தால் பலகையை வீசுகிறார்.

ஜனவரி 19

கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை, மதியக் கஞ்சி முடிந்து, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தேன். திட்டமெல்லாம் இல்லை, வாயிலிருந்து வந்துவிட்டது. "அன்னைக்கு நான் உடனே போங்கன்னு சொல்லியிருந்தா நீங்க பிழைச்சிருப்பீங்க. என்னாலதான். சொல்லுங்க, என்னாலதானே? எழுதுங்க!" கத்தினேன் போலிருக்கிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

அவர் என் கையைத் தள்ளிவிட்டுப் பலகையை எடுத்தார். எழுத நேரம் பிடித்தது.

"உன்கிட்ட கேக்குறதுக்கு முன்னாடியே டாக்டரைப் பார்த்துட்டேன்."

தாளைத் தூக்கினார். மறுபடி எழுதினார்.

"உடனே அறுக்கணும்னார். நான்தான் சீசன் முடியட்டும்னேன்."

தூக்கினார்.

"நீ போன்னு சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன். உன்கிட்ட கேட்டது சும்மா."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை பெரிய விஷயத்தை மறைத்தாரே என்று! ஒரு வருடமாக என்னை இப்படி வேக வைத்தாரே! "பாவி மனுஷா" என்று சொல்லி அவர் தோளில் அடித்தேன், வலிக்காமல்தான். அவருக்குச் சிரிப்பு வந்தது. கழுத்திலிருந்து காற்றாக வந்தது. பிறகு அவர் மடியில் முகம் வைத்து அழுதேன். தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

பலகையில் இப்போது ஒன்றும் இல்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன், வார்த்தை மாறாமல்.

ஜனவரி 20

நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 11

காலை ஆறே காலுக்கு. நீரஜாவும் நானும் பக்கத்தில் இருந்தோம்.

பிப்ரவரி 27

பதினாறு முடிந்தது. கண்காட்சி முடிய இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. மேடையை என்ன செய்வது என்று நீரஜா கேட்டாள். பதிவு செய்த மூச்சு இருக்கிறதாம், ஓட விடலாமாம். "வேண்டாம், நாற்காலி மட்டும் இருக்கட்டும்" என்றேன். சரி என்றாள். இருவரும் சேர்ந்து அவருடைய சட்டைகளை மடித்தோம். அவர் போன சோகத்தின் நடுவிலும் மனதில் ஓரிடம் லேசாக இருப்பது எனக்கே அதிசயம். அந்த மூன்று வரியும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருப்பேன்?

மார்ச் 9

மாலையில் தங்கச்சன் வந்தான். பதினாறுக்கு வெளியூர் மேடை, வர முடியவில்லை என்று அழுதான். பிறகு பழைய கதைகள். அவனுக்குச் சிரிக்காமல் பேசத் தெரியாது. இவரைப் பற்றி அழுதுகொண்டே சிரித்தான்.

"பயந்தாங்கொள்ளி டீச்சரே அவன். ஊசின்னா காத தூரம் ஓடுவான். போன தனுவுக்கு முந்தின தனு மாசம், தொண்டை சரியில்லன்னு நான்தான் எங்க மச்சான் ஆஸ்பத்திரியில டோக்கன் எடுத்து வச்சேன். அதுவரைக்கும் எந்த டாக்டரையும் பார்த்ததில்ல அவன். வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்னு போனான்."

நான் சாயா ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"சாயங்காலம் வேன்ல ஏறும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க! 'டோக்கனைத் தூக்கிப் போடுறா தங்கச்சா. டீச்சர் இன்னைக்கு இதை வேலைன்னு சொல்லிட்டா. கல்யாணமான நாள்ல இருந்து முதல் தடவை. இனிமே ஒரு மேடையும் விட மாட்டேன்'னான். அன்னைக்கு வேன்ல இருந்த எல்லாருக்கும் அவன் செலவுல பொரோட்டாவும் மாட்டிறைச்சியும். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவன்கிட்ட பார்த்ததே இல்ல."

சாயாவை அவன் கையில் கொடுத்தேன்.

"உங்ககிட்ட சொல்லியிருப்பானே?" என்றான்.

சொன்னார் என்றேன்.