தோன்றா எழுவாய்

“உங்கள என்னன்னு எழுதட்டுங்க, டீச்சர்?”

ஊரடங்கில் ஒரு காலை, என் வீட்டுச் சன்னலுக்கு வெளியே பத்தடி தள்ளி நின்று நீங்கள் கேட்டது இது. இன்று அதே சன்னல் கண்ணாடியைப் பழைய செய்தித்தாளை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். மலைப்பனி படிந்து படிந்து மங்கிப்போகும் கண்ணாடி. துடைத்து முடித்ததும் என் முகம் அதில் தெரிந்தது. கை நின்றுவிட்டது. இத்தனை நாள் தள்ளிப்போட்டது போதும் என்று உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் மலையில், சோளக்காட்டில் பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே உங்கள் ஸ்டுடியோ. பாஸ்போர்ட் அளவுப் படமும் கல்யாண ஆல்பமும்தான் பிழைப்பு. ஊரடங்கில் அதுவும் நின்றபோது, கேமராவையும் முக்காலியையும் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, திருவிழா இல்லாமல் வீட்டோடு முடங்கிக்கிடந்த கலைக்காரர்களைத் தேடிப் போனீர்கள். நாடு நாடாகப் பிரிந்துகிடக்கும் இந்த மலையூர்களில், தேவனூர் நாட்டில் ஒரு மேளக்காரர், திருப்புலி நாட்டில் கூத்தில் பெண் வேடம் கட்டுகிறவர் என்று ஒவ்வொருவரையும் அவரவர் வாசலில், தனியாக, வேலையில்லாத கைகளோடு எடுத்தீர்கள். தங்களை அவர்கள் என்னவென்று சொன்னார்களோ, அதையே படத்துக்குக் கீழே எழுதினீர்கள்.

அதில் உங்களுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கேமராவை முக்காலியில் நிறுத்திவிட்டு, நீள ஒயரின் முனையிலுள்ள பொத்தானைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிமிர்ந்து நிற்பீர்கள். அழுத்தும் நேரத்துக்கு மட்டும் முகக்கவசத்தை இறக்குவீர்கள். “என் மூஞ்சிய மூடிக்கிட்டு உங்க மூஞ்சியக் கேக்கறது நாயமில்லீங்க” என்பீர்கள்.

அன்று உங்களோடு, கூத்தில் கோமாளி வேடம் கட்டும் அந்த மரவள்ளி விவசாயியும் வந்திருந்தார். முந்தின நாள் அவரை எடுத்திருந்தீர்கள். என்னவென்று எழுதுவது என்று கேட்டதற்கு, “இந்த வருசம் மூக்க மூடறதுதான் தொழிலுன்னு எழுதுங்க” என்றாராம். அதைச் சொல்லி இருவரும் சிரித்தீர்கள். சன்னலுக்குள் நானும் சிரித்தேன். அப்புறம்தான் என்னைக் கேட்டீர்கள்.

ஏன் கேட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். பதினைந்து ஆண்டுகளாக அந்தக் கோமாளியின் வசனமெல்லாம் நான் எழுதியது. பிள்ளைகள் கட்டுரையில் ‘ஊடு’ என்று எழுதினால் சிவப்பு மையால் சுழித்து ‘வீடு’ என்று திருத்தியவள் நான். பள்ளி விட்டு வந்ததும், திருத்திய அந்த ‘ஊடு’களையெல்லாம் பொறுக்கியெடுத்துக் கோமாளியின் வாயில் வைத்தேன். அது உங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

பக்கத்து வாசலில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மிளகைக் காயப்போட்டபடி நம் பேச்சுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ரிட்டையர்டு டீச்சர்னு போட்டுக்கோங்க” என்றேன்.

“ரிட்டையர் ஆனப்ப எடுத்த அந்தப் படம் ஸ்டுடியோவுலயே இருக்குதுங்க. இது கலைக்காரங்க வரிசை. கோமாளிக்கு வசனம் எழுதறவங்கன்னு போடட்டுங்களா?”

கோமாளிக்காரர் ஆசையில் முந்திக்கொண்டார். “டீச்சர் எழுதிக் குடுத்துத்தானுங்க நான் சிரிப்பே வாங்கறேன்.”

தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். அந்த ஒரு பார்வைக்காக, “அந்த மாதிரிக் கொச்சையெல்லாம் நான் எழுதறதில்லைங்க” என்று சொல்லிவிட்டேன்.

கோமாளிக்காரர் தரையைப் பார்த்தார். “டீச்சர் சொன்னாச் சரிதானுங்க. நாந்தான் மாத்திச் சொல்லிப்போட்டேன்” என்றார். ஊரையே சிரிக்க வைத்தவர், என் பொய்யைத் தன் தவறாக எடுத்துக்கொண்டு நின்றார். நான் சன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். வெளியே கேமராவின் ஓசை ஒருமுறை கேட்டது.

மறு ஆண்டு நெஞ்சுவலியில் போய்விட்டீர்கள். அஞ்சலிப் பேனருக்குப் படம் தேடினார்கள். ஸ்டுடியோ நிறைய மலைக்காரர்களின் முகங்கள். உங்கள் முகம் மட்டும் இல்லை. எனக்கு உதாரணம் இல்லாமல் எதையும் சொல்ல வராது. ‘வந்தேன்’ என்று எழுதினால் ‘நான்’ என்ற சொல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளே இருக்கும். அதற்குத் தோன்றா எழுவாய் என்று பெயர். நீங்கள் எடுத்த ஒவ்வொரு படமும் அப்படி ஒரு வாக்கியம். கூத்தில் நானும் அப்படித்தான். நான் வேண்டுமென்றே ஒளிந்துகொண்டேன். உங்களை எடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டி, “அண்ணன் இதுல இருக்காருங்க” என்றவர் கோமாளிக்காரர்தான். அது என் சாத்திய சன்னல். கண்ணாடியில் நீங்கள் நிற்கிறீர்கள், முகக்கவசம் இறங்கியிருக்கிறது, கையில் பொத்தான். லேசாகச் சிரிக்கிறீர்கள். சன்னல் மறுபடி திறக்கும் என்று காத்திருக்கும் முகம். அதைத்தான் பெரிதாக்கிப் பேனரில் போட்டார்கள். நல்ல படம் என்று எல்லாரும் சொன்னார்கள். என்னால் அதன் முன்னால் நிற்க முடியவில்லை.

உங்கள் வீட்டம்மா மூலப் படத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். கீழே உங்கள் கையெழுத்தில் ‘டீச்சர்:’ என்று இருக்கிறது. அதற்கப்புறம் எதுவும் இல்லை. பொய்யை எழுத உங்களுக்கு மனம் வரவில்லை. மெய்யை எழுத நான் விடவில்லை.

இன்று அதை நானே எழுதி முடித்தேன். ‘கோமாளிக்கு வசனம் எழுதறவ.’ பேசுகிறபடியே எழுதினேன், திருத்தவில்லை. நாளை இதை எடுத்துக்கொண்டு கோமாளிக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். மாற்றிச் சொன்னது அவரில்லை, நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதை நினைத்தால் இப்போதே தலை தாழ்கிறது. ஆனாலும் போவேன்.

இதை நீங்கள் படிக்கப்போவதில்லை; படிக்கிற மற்றவர்களுக்கு டீச்சராக ஒரே ஒரு வேலை தருகிறேன். அடுத்த முறை யாராவது உங்களைப் படம் எடுத்தால், கேமராவை அவர் கையிலிருந்து வாங்கி அவரை ஒரு படம் எடுங்கள்.