கடிபட்ட டர்னிப்பும் என் ஓட்டும்

ஏப்ரல் 25, 1831
பார்லிமெண்டைக் கலைத்துவிட்டார்கள். எங்கள் ஊர் ட்ரெமல்லக்கில் மொத்தம் ஏழு ஓட்டுக்காரர்கள், நானும் ஒருவன். சொந்த அடுப்பில் சொந்தப் பானையைக் கொதிக்க வைக்கிறவனுக்கே ஓட்டு, அதுதான் ஊர் வழக்கம். ஊரையே கையில் வைத்திருக்கும் பிரபுவின் ஏஜெண்டு பெட்ரிக், செருப்புத் தைக்கிற என் முன்னால் தொப்பியைக் கழற்றினார்! தேர்தலில் நிற்கும் பிரபுவின் மருமகனுக்கே ஓட்டு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 26
என் மனைவி லவ்டே கோபித்துக்கொண்டு போய்விட்டாள். "யோவ், பானை எங்கம்மா குடுத்தது. அடுப்புல வேகுறது நான். ஓட்டு மட்டும் உனக்கா? இந்தக் கூத்தையே ஒழிக்கிறேன்னு சீர்திருத்தக்காரர் நிக்கிறாரு. அவருக்குப் போடு, வர்றேன்." பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் தங்கை வீட்டுக்கு நடந்தாள். போகட்டுமே, எனக்கென்ன?

ஏப்ரல் 27
ஐயோ, பானை!

ஏப்ரல் 29
மானம் போயிற்று. பக்கத்து வீட்டு ஹானிபலும் ஓட்டுக்காரன். வீடு வீடாக வந்த தேர்தல் அதிகாரி அவன் அடுப்பைச் சோதித்து முடித்ததும், அவன் தன் பானையை அப்படியே வேலிக்கு மேலாக என்னிடம் தள்ளினான். கை வெந்தது. அதிகாரி சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார், மூடியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு டர்னிப் கிழங்கு — பல் தடத்தோடு.
"இது பக்கத்து வீட்டுல நான் கடிச்சு வெச்சதாச்சே!" என்றார் அதிகாரி.
செவ்வாய்க்கிழமை, ஊரே பார்க்க, தெருவில் என் சொந்தப் பானை கொதிக்க வேண்டுமாம். இல்லையென்றால் பெயரை அடித்துவிடுவார்.

ஏப்ரல் 30
மைத்துனி வீட்டு வாசலில் நின்றேன். பேசுவதற்குள் அழுகை வந்துவிட்டது. சே, இந்த வயதில்!
"பானை வேணுமா, நான் வேணுமா?" என்றாள் லவ்டே.
"நீதான்" என்றேன். பொய்யில்லை. எனக்கே ஆச்சரியம்.
"அப்ப ஓட்டு?"
வாக்குக் கொடுத்தேன். இந்த வாரத்தில் இரண்டாவது வாக்கு.

மே 3
தெருவில் பானை கொதித்தது. ஓட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் பெட்ரிக் முறைத்தார், மறுபக்கம் லவ்டே கரண்டியோடு நின்றாள். கரண்டி ஜெயித்தது. ஆனால் ஆறுக்கு ஒன்று. எங்கள் ஆள் தோற்றார்.
"துரோகிப் பயலே!" என்றான் ஹானிபல்.

ஜூன் 11, 1832
சீர்திருத்தச் சட்டம் வந்துவிட்டது. தேசத்தில் எங்கள் கட்சி ஜெயித்ததாம். சின்ன ஊர்த் தொகுதிகளைச் சட்டம் ஒழித்ததில் ட்ரெமல்லக் தொகுதியே இனி கிடையாது. "உன் ஒத்த ஓட்டுதான்டா ஊரைத் தின்னுச்சு!" என்று ஹானிபல் சந்தையில் கத்தினான். பெட்ரிக் என்னைப் பார்க்காமலே குதிரையில் போனார். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன்.
"உட்காருய்யா, ஆறிடப் போகுது" என்றாள் லவ்டே.
உட்கார்ந்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல். இருந்தும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன்.