பிறந்த வீட்டுப் புடவை

என் கண்ணான கமலாவுக்கு,

நீ போன பிறகு வரும் முதல் ஏகாதசி இன்று. ஸ்ரீரங்கத்துக்குத் தனியாகப் போய்ப் பெருமாளைக் கும்பிட்டுவிட்டு வந்து, கணக்கு எழுதும் பேனாவாலேயே இதை எழுதுகிறேன். அன்று உன் வாசலில் நடந்ததை உனக்கு யார் சொல்வார்கள்?

பொன்மலை குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த நாள் முதல் என்னை அண்ணி என்றாய், என் வீட்டுக்காரரை அண்ணா என்றாய். ரயில்வே பட்டறைச் சங்கு ஊதி அவர் சைக்கிளில் வந்து இறங்கினால், "வேலை முடிஞ்சாச்சாண்ணா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாய். அவர் "ம்" என்பதோடு சரி. ஒரு நாள்கூடத் தங்கச்சி என்று அழைத்ததில்லை.

"ஏன் அண்ணி, அண்ணாவுக்கு வாயில கொழுக்கட்டையா?" என்று சிரிப்பாய். அந்தச் சிரிப்புக்குள் ஒரு வருத்தம் இருந்தது. கூடப் பிறந்தவர்கள் இல்லாத பெண் அல்லவா நீ?

உன்னைக் குளிப்பாட்டிக் கிடத்தியதும், "பொறந்த வீட்டுப் புடவை எங்கே?" என்று கேட்டார் உன் மாமனார். கடைசிப் புடவையை அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்த வேண்டும். உனக்கு யார் இருக்கிறார்கள்? எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

அப்போது என் வீட்டுக்காரர் புடவையோடு வந்து நின்றார். நான் சொல்லி அனுப்பவில்லை, கமலா.

உன் மாமனார் கையை நீட்டித் தடுத்தார். "நீங்க பக்கத்து வீட்டுக்காரரு. என்ன உறவுன்னு போர்த்துவீங்க?"

"அது என்னை அண்ணான்னுதாங்க கூப்பிடும்."

"கடைக்காரரைக்கூட அண்ணான்னுதான் கூப்பிடுறோம். அதெல்லாம் பேச்சுக்குங்க."

இவர் புடவையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "அது பேச்சுக்குக் கூப்பிட்டுச்சோ என்னமோ, நான் அப்படி எடுத்துக்கலைங்க. என் தங்கச்சிங்க அது. போர்த்த விடுங்க."

உன் மாமியார்தான் அழுதுகொண்டே நகர்ந்து வழி விட்டார்கள். "விடுங்க, அண்ணன் வந்தாச்சு."

வாசலில் நின்ற அத்தனை பேரும் இவர் தங்கச்சி என்றதைக் கேட்டார்கள். நீதான் கேட்கவில்லை.

"இத்தனை நாளா அவகிட்ட ஏன் சொல்லலை?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "சொன்னாத்தான் தெரியுமா?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். உனக்குத் தெரிந்திருந்ததா, கமலா? தெரியாமலே போய்விட்டாயா?

நேற்று உன் மகள் வேலியோரம் நின்று "மாமா" என்றாள். "வந்துட்டேன்டா கண்ணு" என்று சாப்பாட்டை விட்டு எழுந்து போனார்.

அவள் பெரியவளாகும் நாளில் தாய்மாமன் சீர் எங்கள் வீட்டிலிருந்துதான் வரும். யாராவது என்ன உறவு என்று கேட்டால், இவர் வாய் திறக்கும் வரை காத்திருக்கமாட்டேன், நானே சொல்வேன். ரங்கநாதன் சாட்சி.

உன் அண்ணி,
ராஜம்